ஸ்பேர் பார்ட்ஸ்: காணாமல் போன இரண்டாவது வாத்தியார்

ரோபோ போட்டிக்குப் போகிற பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட என்றே என்னிடம் ஒரு படம் உண்டு. 2015-இல் வந்த 'ஸ்பேர் பார்ட்ஸ்'. மூன்று வருஷத்தில் மூன்று டீம்களுக்குக் காட்டியிருக்கிறேன். முதல் டீம் கைதட்டியது. இரண்டாவது டீமில் ஒருத்தி அழுதாள். இந்த வருஷம் படம் முடிந்து லைட் போட்டதும் ஒரு பையன் கேட்டான், "அண்ணா, நிஜத்துலயும் ஒரே சார்தானா?"

"இல்லடா, ரெண்டு பேரு" என்றேன். "அப்ப ஏன் ஒருத்தரைக் காட்டுறாங்க?" என்று அடுத்த கேள்வி. "சினிமான்னா அப்படித்தான்" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் அது சரியான பதில் இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பதிவு அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

கதை தெரியாதவர்களுக்கு

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் கார்ல் ஹைடன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. மெக்சிக வம்சாவளி ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற பள்ளி. 2004 ஜூனில் அங்கிருந்து நான்கு மாணவர்கள் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் நடந்த மேட் நீர்மூழ்கி ரோபோ போட்டிக்குப் போனார்கள். ஆஸ்கர் வாஸ்கெஸ், கிறிஸ்டியன் அர்செகா, லொரென்சோ சான்டியான், லூயிஸ் அராண்டா. நால்வரும் சிறுவயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். நால்வரிடமும் குடியேற்ற ஆவணங்கள் கிடையாது.

ரோபோவின் உடம்பு பிவிசி பைப். செலவு சுமார் 800 டாலர். ஒட்டிய பசையின் நாற்றத்தால் அதற்கு 'ஸ்டிங்கி' என்று பெயர் வைத்தார்கள். கல்லூரிகள் மோதும் மேல்பிரிவில் கலந்துகொண்டு, எம்ஐடி உட்பட எல்லோரையும் தாண்டி ஒட்டுமொத்த முதல் பரிசை வாங்கினார்கள்.

இதை முதலில் விரிவாக எழுதியவர் ஜோஷுவா டேவிஸ். 2005-இல் 'வயர்ட்' இதழில் 'லா விடா ரோபோ' என்ற கட்டுரையாக வந்தது. பிறகு 2014-இல் அவரே அதைப் புத்தகமாக்கினார். அதே 2014-இல் மேரி மாசியோ இயக்கிய 'அண்டர்வாட்டர் ட்ரீம்ஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. அடுத்த ஆண்டு ஷான் மெக்நமாரா இயக்கத்தில் 'ஸ்பேர் பார்ட்ஸ்'. ஒரே சம்பவம், மூன்று வடிவம். நான் பார்க்க நினைப்பது ஒன்றைத்தான்: இந்த வடிவங்கள் வாத்தியாரை என்ன செய்கின்றன?

இரண்டு பேர் ஒருவர் ஆனது

நிஜத்தில் இருந்தவர்கள் ஃப்ரெடி லஜ்வார்டி, ஆலன் கேமரன். லஜ்வார்டி கடல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர், ஈரானில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்தவர். கேமரன் கணினி ஆசிரியர். இருவரும் அந்தப் பள்ளியிலேயே வேர்விட்டவர்கள். பள்ளியில் ரோபோ வேலைகளைச் சேர்ந்து நடத்திவந்தவர்கள்.

படத்தில் இருவரின் பெயரையும் பாதிப் பாதி வெட்டி ஒட்டி 'ஃப்ரெடி கேமரன்' என்று ஒரு ஆளை உருவாக்கியிருக்கிறார்கள். ஜார்ஜ் லோபஸ் நடித்திருக்கிறார். நன்றாகவே நடித்திருக்கிறார், காமெடியனாக அறியப்பட்டவர் இவ்வளவு அடக்கி வாசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பாத்திரம் யார்? வேலையில்லாமல் தற்காலிக ஆசிரியராக வந்து சேர்கிற ஒரு இன்ஜினியர். ஊருக்குப் புதுசு, பள்ளிக்குப் புதுசு. ரொம்ப நாள் இருக்கும் எண்ணமும் இல்லை. மனசுக்குள் பழைய காயம் வேறு. நம்ம ஊர் சினிமாவில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற புது வாத்தியாரை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அதே ஆள்தான்.

இந்த மாற்றத்தால் ஒரு சின்ன விஷயம் தலைகீழாகிறது. படத்தில் போட்டியின் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு ஆஸ்கர் வாத்தியாரைத் தேடி வருகிறான். அவர் தயங்குகிறார், பிறகு ஒத்துக்கொள்கிறார். நடந்தது வேறு. போட்டியைக் கண்டுபிடித்தவர்கள் ஆசிரியர்கள். பள்ளி முழுக்க நோட்டீஸ் ஒட்டி, "வர்றவங்க வாங்க" என்று கூப்பிட்டவர்களும் அவர்களே.

யார் நோட்டீஸ் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றலாம். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. துடிப்பான மாணவன் தானாகத் தேடி வருவான், வாத்தியார் மனசு மாறினால் போதும் என்கிறது படம். நோட்டீஸ் ஒட்டுகிறவருக்கோ யார் வருவார்கள் என்று தெரியாது. வருகிறவன் துடிப்பானவனாக இருப்பானா என்றும் தெரியாது. வராமலே போகலாம். இருந்தாலும் அடுத்த வருஷமும் ஒட்ட வேண்டும். வழிகாட்டுவது என்ற வேலையில் முக்கால் பங்கு இந்த மாதிரி சலிப்பூட்டும் காரியம்தான். சாவி வாங்கி லேப்பைத் திறந்து வைப்பது, தலைமையாசிரியரிடம் கையெழுத்து, பெற்றோருக்கு போன், வேனுக்கு ஏற்பாடு. இதையெல்லாம் படமாக்க முடியாது. அதனால் இரண்டாவது வாத்தியாரைத் தூக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பேர் இருந்தால் அது ஒரு அமைப்பு ஆகிவிடும். ஒருத்தர் என்றால் ஹீரோ.

இன்னொன்றும் உண்டு. லோபஸ் மெக்சிக வம்சாவளிக்காரர். ஆக, படத்தில் மாணவர்களைக் கரையேற்றுகிறவர் அவர்கள் சமூகத்து ஆள். பார்க்கிறவருக்கு நெருக்கமாக இருக்கும், புரிகிறது. ஆனால் தன் மொழியையும் பின்னணியையும் சேராத பிள்ளைகளோடு இரண்டு பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பழகியது எப்படி என்ற, என்னைப் போன்றவர்களுக்கு உதவக்கூடிய கேள்வி அதோடு போய்விட்டது.

ஜெயித்த இடம் குளம் அல்ல

படத்தின் உச்சக்கட்டம் நீச்சல் குளம். இயற்கைதானே. ரோபோ இறங்குகிறது, இசை ஏறுகிறது. ஆனால் 2004 போட்டியின் மதிப்பெண்ணைப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. தண்ணீருக்குள் செய்ய வேண்டிய ஏழு பணிகளில் கார்ல் ஹைடன் மூன்றாவது இடம். எம்ஐடியும், கேப் ஃபியர் என்ற சமுதாயக் கல்லூரியும் அவர்களுக்கு முன்னால் இருந்தன. ஒட்டுமொத்தத்தில் அவர்களை மேலே கொண்டுபோனது தொழில்நுட்ப அறிக்கையும், நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்ன நேர்காணலும். வடிவமைப்பு நேர்த்திக்கும் தொழில்நுட்ப எழுத்துக்கும் தனித்தனிப் பரிசுகளும் கிடைத்தன.

'வயர்ட்' கட்டுரையில் இந்த நேர்காணல் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். காற்றில் தூரம் அளக்கும் லேசர் கருவியை இவர்கள் தண்ணீருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். தண்ணீரில் ஒளி மெதுவாகப் போகும். ஆகவே கருவி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தூரம் காட்டும். அதை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்று மாணவனே விளக்குகிறான். பவர்பாயின்ட் எங்கே என்று கேட்டதற்கு, என்ன பேசுவதென்று தெரியாதவர்களுக்குத்தான் அது தேவை என்கிற மாதிரி பதில் வருகிறது. அந்த அறையில் வாத்தியார்களுக்கு வேலையே இல்லை.

அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன? இதுவும் கட்டுரையில் இருக்கிறது. வெப்பநிலை அளக்கும் உணரி வாங்கும்போது, விற்கும் கம்பெனிக்கு மாணவர்களே போன் செய்து, அங்கே இருந்த இன்ஜினியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வாத்தியார் போன் செய்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். பையன்கள் பேசியதால் பதிலோடு சேர்த்து, தெரியாத ஒருவரிடம் தெரியாததைக் கேட்பது எப்படி என்பதும் கைக்கு வந்தது.

படத்தில் எல்லோரும் சிரிக்கும் காட்சி நாப்கின் வகைக் காட்சி. ரோபோவில் தண்ணீர் கசிகிறது, உறிஞ்சுவதற்கு மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பன் வாங்கி உள்ளே அடைக்கிறார்கள். நடந்ததுதான். கடையில் கூச்சப்படும் பையனைக் காட்டி சிரிப்பு வாங்குகிறது படம். என் டீமும் ஒவ்வொரு முறையும் சிரிக்கும். ஆனால் கசிவு ஏன் அவ்வளவு ஆபத்து? மற்றவர்கள் மேலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் வழியில் போக, இவர்கள் பேட்டரியை ரோபோவிலேயே வைத்தார்கள். அதனால் கேபிள் மெலிந்தது, ரோபோ லேசாகத் திரும்பியது. விலை என்ன? மின்கருவிகள் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் போனால் எல்லாம் போச்சு. தெரிந்தே எடுத்த துணிச்சலான முடிவு அது. டாம்பன் அந்த முடிவுக்குக் கொடுத்த காப்பீடு. இந்தத் தொடர்பைப் படம் சொல்லியிருந்தால் சிரிப்பு குறைந்திருக்காது. சிரித்த பிறகு யோசிக்கவும் ஏதாவது இருந்திருக்கும்.

என் பக்கத்துக் கதை

இதையெல்லாம் குறை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றால், கொஞ்சம் சந்தேகம்தான்.

என் முதல் டீம், ஒரு அரசுப் பள்ளி. கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரோபோ. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி புரோகிராம் பகுதியைப் பார்த்துக்கொண்டாள். ரோபோ கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் திரும்பும் அளவு வரும். எண் சின்னதாக இருந்தால் வளைவில் கோட்டை விட்டுவிடும். பெரிதாக இருந்தால் குடிகாரன் மாதிரி இரண்டு பக்கமும் தள்ளாடும். அவள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, 5, 8, 10, 12, 14 என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, எத்தனை வளைவு தாண்டியது, எங்கே தள்ளாடியது என்று எழுதி வைத்திருந்தாள். 12-இல் நிறுத்தியிருந்தாள். மெதுவாக, ஆனால் விழாமல் ஓடியது.

போட்டிக்கு முதல் நாள் ராத்திரி நான் லேப்டாப்பை வாங்கினேன். 12-ஐ 18 ஆக்கினேன். தள்ளாட்டத்தை அடக்க, விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கும் ஒரு வரி சேர்த்து, அதற்கு 90 என்று ஒரு எண் கொடுத்தேன். ரோபோ பறந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஓட்டமெல்லாம் முடிந்து நடுவர் ஒருவர் கேட்டார், "ஏன்மா 18?" அவள் திரும்பி, தடுப்புக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "அண்ணா வச்சாங்க சார்."

இரண்டாம் பரிசு கிடைத்தது. பேப்பரில் போட்டோ வந்தது. நோட்டைப் பிறகு ஒருநாள் புரட்டினேன், 14-க்கு அப்புறம் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வருஷம் அவள் டீமுக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பு, படிக்க வேண்டும் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்த நோட்டைப் பாதியில் நிறுத்தியது பத்தாம் வகுப்பு இல்லை.

அன்றைக்கு அதைச் செய்தபோது என் மண்டைக்குள் ஓடியது எது தெரியுமா? அந்தப் படத்தில் வருகிற மாதிரியான ஒரு கடைசி ராத்திரி. வாத்தியாரும் பிள்ளைகளும் தூங்காமல் வேலை பார்ப்பார்களே, அது. சான்டா பார்பராவிலும் அப்படி ஒரு ராத்திரி உண்டு, வயர்களை மறுபடி சால்டர் செய்ய வேண்டி வந்தது. சால்டரிங் அயர்னைப் பிடித்து விடிய விடிய உட்கார்ந்தவர்கள் மாணவர்கள். நான் அந்தக் கதையைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் இந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டே சொல்லியிருக்கிறேன்.

தொடவே கூடாதா?

அப்படியானால் வழிகாட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? ரோபோ போட்டி உலகில் இது பழைய சண்டை. உலக ரோபோ ஒலிம்பியாடில் போட்டி நடக்கும்போது பயிற்சியாளர் டீம் இருக்கும் பகுதிக்குள் வரக்கூடாது. டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு வேறு வழியில் போகிறது. தொழில்முறை இன்ஜினியரோடு தோளுரசி வேலை செய்வதே மாணவனுக்குப் பாடம் என்பது அவர்கள் நம்பிக்கை. எம்ஐடி பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் அந்தச் சிந்தனைக்கு உருக்கொடுத்தவர், வழிகாட்டிகளுக்கான விருதே அவர் பெயரில் இருக்கிறது. அதனால் அங்கே "இது பெரியவங்க பண்ண ரோபோ" என்ற முணுமுணுப்பு எப்போதும் கேட்கும்.

எனக்கு ஃபர்ஸ்ட் பக்கத்து வாதமும் பிடிபடுகிறது. வீட்டில் இன்ஜினியர் இருக்கும் பிள்ளைக்கு, கேட்காமலே சாப்பாட்டு மேஜையில் பதில் கிடைக்கிறது. இல்லாத பிள்ளையிடம் "நீயே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது நேர்மை மாதிரி தெரியும், ஆனால் கைவிடுவதுதான். லஜ்வார்டியும் கேமரனும் ஒதுங்கி நின்றவர்கள் அல்ல. கல்லூரிப் பிரிவில் சேர்க்கலாம், பெரியவர்களிடம் தோற்றால் அவமானமில்லை என்று கணக்குப் போட்டவர்களே அவர்கள்தான். எவ்வளவு வேண்டுமானாலும் உதவலாம். உதவிய பிறகு அந்தப் பிள்ளையால் "ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்பதே நான் பார்க்கும் கணக்கு. நான் 18 என்று மாற்றியது தப்பில்லை. அவள் நோட்டில் அடுத்த வரியாக 18-ஐ எழுதச் சொல்லி, தள்ளாடுவதை அவளே பார்த்து, "இதை எப்படி அண்ணா அடக்குறது?" என்று அவள் கேட்ட பிறகு 90-ஐப் பேசியிருக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு நாள் ஆகியிருக்கும். அந்த இரண்டு நாளை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதுதான் வழிகாட்டியின் வேலை.

அப்புறம்?

மூன்று வடிவங்களில் ஆவணப்படம் எனக்குப் பிடித்தது. இசையும் வெட்டும் விளம்பரப் படம் மாதிரி சில இடங்களில் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் அது பரிசு வாங்கியதோடு நிற்கவில்லை. எம்ஐடி ஆட்களை வில்லனாக்காமல், வருஷங்கள் கழித்து இரண்டு டீமையும் சந்திக்க வைக்கிறது. பின்னால் வந்த மாணவர்களிடமும் போகிறது.

அந்தப் பின்கதை இனிப்பானது அல்ல. ஆவணம் இல்லாத மாணவர்கள் வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டும், மாநில உதவித்தொகை கிடையாது என்று 2006-இல் அரிசோனா வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கிறிஸ்டியனால் படிப்பைத் தொடர முடியவில்லை. லொரென்சோவும் லூயிஸும் சமையல் தொழிலுக்குப் போனார்கள். ஆஸ்கர் 2009-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினான். முறைப்படி திரும்பி வரலாம் என்று தானாக மெக்சிகோ போனான், பத்து வருஷத் தடை விழுந்தது. செனட்டர் டிக் டர்பின் தலையிட்ட பிறகு 2010-இல் தடை நீங்கித் திரும்பினான், ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தான் போனான்.

'ஸ்பேர் பார்ட்ஸ்' இவற்றைக் கடைசியில் எழுத்துகளாகக் காட்டி முடித்துக்கொள்கிறது. என் பிள்ளைகள் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். வழிகாட்டியால் முடியாதது எது என்பது அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. நல்ல வாத்தியார் இருவர் சேர்ந்தும் ஒரு சட்டத்தை மாற்ற முடியவில்லை.

முடிந்ததும் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் சினிமா எடுக்கவில்லை. 2008-இல் ஃபர்ஸ்ட் போட்டியின் மிக உயர்ந்த கௌரவமான சேர்மன்ஸ் விருதைக் கார்ல் ஹைடனின் 842-ஆம் எண் டீம் வாங்கியது. அது வேகமாக ஓடும் ரோபோவுக்குத் தரும் விருதல்ல. சுற்றியிருக்கும் பள்ளியையும் ஊரையும் ஒரு டீம் எப்படி மாற்றியது என்று பார்த்துத் தருவது. அந்த நால்வரும் அதற்குள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். நோட்டீஸ் ஒட்டும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அந்தப் பையனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "ரெண்டு பேரைக் காட்டினா, அவங்க அதுக்கப்புறமும் அங்கேயே இருந்தாங்கன்னு தெரிஞ்சுடும்டா. ஒருத்தரைக் காட்டினா படத்தை முடிச்சுடலாம்."

அடுத்த சனிக்கிழமை அவனைப் பார்ப்பேன். படத்தை இனியும் காட்டுவேன், அதில் சந்தேகமில்லை, பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலம் உற்சாகம் தருவது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த வருஷம் பள்ளி உதவித் தலைமையாசிரியை ஒருவரையும் லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ரோபோ தெரியாது. தெரியாததால் பிள்ளைகளிடம் "இது ஏன்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெண்ணின் பழைய நோட்டில் மீதியிருந்த பக்கங்களை இந்த டீம் நிரப்ப ஆரம்பித்திருக்கிறது. இப்போதைக்கு 9-இல் நிற்கிறார்கள். வளைவில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.